நான்கு பின்களும் ஒரு வெள்ளிக்கிழமையும்

செங்குளப்பேரியில் செவ்வாய்க்கிழமை போகாமல் தங்கிவிட்ட கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் நகராட்சிச் சங்கில்தான் தொடங்குவார்கள். அந்த ஊருக்குக் காலை ஒன்பதையும் நண்பகலையும் இரவு எட்டையும் சொன்னது அந்தச் சங்கு, சங்கை ஊதியது தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஓர் அறையில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருந்த ஒரு கணினி, அந்தக் கணினியின் மதர்போர்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீல நிறத்தில் ஒரு பேட்டரி, மின்சாரம் போனாலும் தேதியை மறக்காமல் வைத்திருப்பது அந்தப் பேட்டரியின் வேலை. அது செத்த அன்றைக்கு ஊருக்கும் தேதி மறந்துவிட்டது.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. சங்கு அறைக்குப் பொறுப்பான ஆவுடையப்பன் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பேட்டரி பச்சையாகக் கசிந்துவிட்டது, அதை எங்கே எப்படி மாற்றுவது என்று சொல்லுகிற புத்தகமும் அலுவலகத்தில் இல்லை, இரண்டையும் மெட்ராஸ் ரிச்சி தெருவில் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஆணையரிடம் சொன்னான், டீக்கடையில் சொன்னான், கடைசியாகத் தன் பெண்டாட்டி வடிவாம்பாளிடமும் சொன்னான். "வெள்ளிக்கிழமை வந்துருவேன்" என்றான். அவன் ஏறிய பஸ் வரவேற்பு வளைவைத் தாண்டிய அன்று மாலை நாலரைக்குக் கரண்ட் போனது, ஐந்தேகாலுக்கு வந்தது, வந்தபோது கணினித் திரையில் 1980 ஜனவரி 1, செவ்வாய் என்று இருந்தது.

மறுநாள் காலையில் ஊரில் எல்லார் வீட்டிலும் கிழித்துப் போட்ட காலண்டர் தாள் திரும்பவும் ஒட்டிக்கொண்டு செவ்வாய் என்றது. வளைவுக்கு வெளியே புதன்கிழமையாக இருந்த செய்தித்தாள் கட்டு, பையன்களின் சைக்கிளில் வளைவுக்குள் நுழைந்ததும் செவ்வாய்க்கிழமைத் தாளாக மாறியது. செல்போன்களும் அப்படியே. முதல் நாள் எல்லாரும் அச்சுப்பிழை என்றார்கள், இரண்டாம் நாள் நகராட்சியைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமைக்கு என்ன குழம்பு வைப்பது என்ற யோசனையில் இறங்கிவிட்டார்கள். கரண்ட் போகாமல் இருந்தால் மறுநாள் புதன் வரத்தான் செய்தது. ஆனால் செங்குளப்பேரியில் கரண்ட் போகாத நாள் என்று ஒன்று இருந்தால்தானே? போய் வந்தால் மறுபடியும் செவ்வாய்.

வயது மட்டும் நிற்கவில்லை. முடி வளர்ந்தது, பால் திரிந்தது, பிள்ளைகள் உயர்ந்தார்கள். செவ்வாயன்று முடி வெட்டுவதில்லை என்பதால் சலூன் மாசாணம் கடையைத் திறக்க முடியாமல் ஒரு மாதம் கையைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, பிறகு நாற்காலியையும் கண்ணாடியையும் வளைவுக்கு வெளியே மைல்கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டார். வெளியே வெள்ளியாக இருக்கிற நாளில் பள்ளிவாசல் ஜமாத்தார் அதே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பாய் விரித்தார்கள், ஞாயிறானால் சர்ச்சுக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பாட்டுப் பாடுகிறபோது மாசாணம் கத்திரிக்கோலைச் சத்தம் கேட்காமல் ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை கால அட்டவணைப்படி தினமும் இரண்டு பாடவேளை கணக்கு நடந்து, அந்த வருஷத்துப் பிள்ளைகள் கணக்கில் புலிகளாகவும் சரித்திரத்தில் பூஜ்யமாகவும் ஆனார்கள். முருகன் கோயிலில் நிற்க இடமில்லை. எதிர்த்தெரு அம்மன் வெள்ளிக்கிழமைப் பூவைப் பார்த்துப் பல மாதமாயிற்று என்று பூசாரி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் புலம்பினார்.

இவ்வளவுக்கும் நடுவில் நிலைகொள்ளாமல் அலைந்த ஒரே ஆள் ஆவுடையப்பன் பெண்டாட்டி வடிவு.

அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டர் வைத்த கை. அதனால் ஆணையர், "ஒங்க வீட்டுக்காரர் வார வரைக்கும் நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்று சங்கு அறைச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் அவள் ஓடிப்போய் மணியைச் சரிசெய்தாள், மணியை ஊர் ஒத்துக்கொண்டது. தேதியையும் திருத்திப் பார்த்தாள், திரையில் மாறியது, வெளியே வந்து பார்த்தால் ஊர் செவ்வாயிலேயே இருந்தது. தானாக நகர்ந்து வந்த தேதியைத்தான் ஊர் நம்பியது, கையால் திருத்தியதை நம்பவில்லை. இன்வெர்ட்டர் வைத்தார்கள், அது மாறுகிற அந்தக் கண்சிமிட்டல் நேரத்தைக்கூடப் பழைய போர்டு தாங்கவில்லை. புதுக் கணினி வாங்கினார்கள், சங்கை இயக்குகிற அட்டையைச் செருக அதில் இடமே இல்லை, அந்த நீளமான பள்ளம் பழைய போர்டில் மட்டும்தான் இருந்தது. புதுக் கணினி இப்போது ஆணையர் அறையில் சீட்டாடுகிறது.

ஆவுடையப்பனுடைய போன் அணைந்தே கிடந்தது. வடிவு வளைவுக்கு வெளியே போய் நின்று கூப்பிட்டாலும் அதே பதில்தான். அதற்கும் ஊர் ஒரு சமாதானம் வைத்திருந்தது.

"எம்பதாம் வருசத்துல ஏதுட்டி செல்போனு?" என்றாள் பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா.

"நா வெளிய போயி நின்னுல்லா அடிச்சேன்."

"அப்பம் சார்ஜ் இருக்காது. அவுக வெள்ளிக்கெழம வாரேன்னுட்டுத்தான போயிருக்காவ? வெள்ளி இன்னும் வரலியே. வராத நாளைக்கு வரலன்னு ஒரு மனுசன எப்படிக் குத்தஞ்சொல்ல முடியும்?"

இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். காய்கறிக்காரி சொன்னாள், ஆணையர் ஆங்கிலம் கலந்து சொன்னார், மாசாணம் சவரம் செய்துகொண்டே சொன்னார். ஊர் முழுக்கச் சேர்ந்து ஆவுடையப்பனைத் தாமதமாகாத மனிதனாகவே வைத்திருந்தது. வளைவுக்கு வெளியே ஏழு மாதம் போய்விட்டது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெளி ஊர்க் கணக்கை வைத்து உள்ளூர் ஆளை நியாயம் பேசுவது முறையில்லை என்று விட்டுவிட்டார்கள். வடிவுக்கோ நெஞ்சுக்குள் எந்நேரமும் ஏதோ குறுகுறுத்தது. வருவான் என்றால் வரட்டும், வரமாட்டான் என்றால் அதுவாவது தெரியட்டும். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வாசலில் நின்றுகொண்டு அடுப்பை நினைப்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

ஒரு தடவை வியாழன் வரைக்கும் வந்தது. இரண்டு நாள் கரண்ட் போகவே இல்லை. வியாழன் மத்தியானம் பூசாரி அம்மனுக்குப் புடவை எடுத்து வைத்தார், ரஹ்மத் அக்கா வடிவுக்கு மல்லிகைப்பூ தொடுத்தாள், தெருவில் யாரும் மிக்ஸி போடவில்லை, கிரைண்டர் போடவில்லை, கரண்ட்டுக்கு வலிக்குமோ என்பதைப் போல எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். நாலு மணிக்கு டிரான்ஸ்பார்மரில் ஒரு காக்கை உட்கார்ந்தது. அவ்வளவுதான். வடிவு தொடுத்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு சங்கு அறைக்குப் போய் மணியைத் திருத்தினாள்.

அன்றைக்கே அவள் முடிவு செய்தாள், புத்தகத்தையும் பேட்டரியையும் இனி யாரும் கொண்டுவரக் காத்திருக்கப்போவதில்லை என்று. கணினியின் மூடியைக் கழற்றி, கசிந்த பேட்டரியை வெட்டி எடுத்து, பச்சைக் களிம்பு படிந்த இடத்தை எலுமிச்சம்பழச் சாறும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்த்தாள், அரித்துப்போன கோடு ஒன்றுக்கு மயிரிழைக் கம்பி வைத்துச் சால்டர் செய்தாள். அதுவரைக்கும் கை அறிந்த வேலை. அதற்கு மேல் போர்டு முழுக்க ஊசி ஊசியாகப் பின்கள், சிலவற்றின் மேல் இரண்டு பின்னைச் சேர்த்துப் பிடிக்கிற சின்னக் கறுப்புத் தொப்பிகள், ஜம்பர் என்பார்கள். வெளியிலிருந்து புதுப் பேட்டரியை எந்தப் பின்னில் மாட்டுவது, எந்தத் தொப்பியை எடுப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தப்பான பின்னில் மாட்டினால் போர்டு கருகிப்போகும், கருகினால் சங்கும் இல்லை, வெள்ளியும் இல்லை, வேறு போர்டும் இல்லை.

ஊருக்குள் எந்த இணையதளமும் திறக்காது, எண்பதாம் வருஷத்துத் தேதியைப் பார்த்ததும் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன. ஆகவே போர்டில் அச்சிட்டிருந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, தினமும் வளைவுக்கு வெளியே போய், மாசாணத்தின் வாடிக்கையாளர்கள் உட்காருகிற பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தேடினாள். பழைய போர்டுகளைச் சேர்த்து வைக்கிறவர்களின் குழு ஒன்று அகப்பட்டது. எண்ணையும் ஒரு படத்தையும் போட்டுவிட்டு ஊருக்குள் போவாள், கால் மணி நேரம்கூட இருக்க முடியாமல் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் வெளியே வருவாள், அதற்குள் கரண்ட் போயிருக்கும், உள்ளே ஓடுவாள்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியா தாயி? ரெண்டு நிமிசம் உக்காரு" என்றார் மாசாணம்.

"உக்காந்தா ஓடிருமா அண்ணாச்சி நாளு?"

அவர் கத்தியைத் தீட்டினார்.

பத்தாவது நாள் எங்கோ கடல் கடந்த ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அப்படி ஓர் எண்ணில் போர்டே செய்யப்படவில்லை, படத்தில் மூன்றாவது இலக்கத்தின் மேல் சிவப்பாக ஏதோ இருக்கிறது, அது என்ன என்று கேட்டிருந்தார். வடிவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மூடியைக் கழற்றி மதர்போர்டுக்கே சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பது ஆவுடையப்பனுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே வழக்கம். முப்பது பூஜைக் குங்குமம் ஒரே இடத்தில் ஏறி ஏறி, எட்டை மூன்றாக்கியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், எட்டு வெளியே வந்தது.

சரியான எண்ணுக்கு அவர் உடனே பதில் போட்டார். அந்தப் போர்டுக்கான புத்தகத்தை யாரும் ஸ்கேன் செய்து வைக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு போர்டோடும் பெட்டியிலேயே ஒன்று வரும், பச்சை அட்டை, நாற்பத்தெட்டுப் பக்கம், உங்களுடையதும் போர்டு இருக்கிற இடத்தை விட்டு எங்கும் போயிருக்க வழியில்லை.

வடிவு பெஞ்சிலிருந்து எழுந்தவள் மாசாணத்திடம்கூடச் சொல்லாமல் நடந்தாள். அந்த அறையில் ஒரு புத்தகம் எங்கே போகும்? பீரோவை மூன்று தடவை கொட்டிக் கவிழ்த்தாயிற்று. குங்குமம் வைத்த நாளில் கருவிகளுக்குப் பக்கத்தில் வேறு என்ன வைப்பார்கள் என்று அப்போதுதான் அவள் நினைத்தாள். சரஸ்வதி படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் கட்டிய ஒரு சின்ன மூட்டை, போன பூஜைக்கு ஆவுடையப்பன் வைத்தது, மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை செய்து எடுக்கவேண்டியது. எடுக்காமல் அன்று காலையே அவன் பஸ் ஏறிவிட்டான். பூஜையில் வைத்ததை மறுபூஜை செய்யாமல் பிரிக்கக் கூடாது, வைத்தவர் கையாலேயே எடுக்கட்டும் என்று ஏழு மாதமாக அவள் அதற்குத் தினமும் தூசி தட்டிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது அவனுடைய ஐ.டி.ஐ. புத்தகமாக இருக்கும் என்று அவளுக்கு எண்ணம்.

விஜயதசமியும் செவ்வாய்தான், இன்றைக்கும் செவ்வாய்தான், கணக்குச் சரி என்று சொல்லிக்கொண்டு, பொரிகடலை வாங்கி வைத்து, சூடம் ஏற்றி, அவளே மறுபூஜை செய்து மூட்டையைப் பிரித்தாள்.

பழுப்புத் தாளில் அட்டை போட்ட ஒல்லியான புத்தகம். லேபிளில் ஆவுடையப்பனின் முத்து முத்தான கையெழுத்தில் அவன் பெயர், மின் பிரிவு. தாளை விலக்கினால் பச்சை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் வரிசையாக நான்கு பின் போட்ட படம், அதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம், ஓரத்தில், "வெளி பேட்டரி இங்கே. நாலு பென்டார்ச் செல் போதும். மூணாவது தொப்பியை எடுத்துவிடணும்." கீழே தேதி. அவன் பஸ் ஏறுவதற்கு மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இந்தப் புத்தகத்தைத் தேடத்தானே மெட்ராஸ் போனான்? தன் கையால் அட்டை போட்டு, தன் கையால் குறித்து வைத்து, தன் கையால் மஞ்சள் துணியில் கட்டிவிட்டு, இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனானே. நாலு பென்டார்ச் செல் செங்குளப்பேரியில் எந்தப் பெட்டிக்கடையில் இல்லை? கோபம் தீர்ந்த பிறகு அழுகையும் வந்தது. தரையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், சூடம் அணைந்து ஆறும் வரைக்கும் அழுதாள்.

வெளியே அன்று ஞாயிறு. மாட்டினால் இரண்டு பக்கமும் கிழமை ஒன்றாக ஓடட்டும், அப்புறம் எந்த வெள்ளி என்று ஒருத்தரும் வழக்காட வேண்டாம் என்று, வெளியிலும் செவ்வாய் வருகிற வரைக்கும் இரண்டு நாள் காத்திருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் பட்ட பாடு அந்த ஏழு மாதத்திலும் படாதது. மாட்டாமல் விட்டால் ஒரு குறையும் இல்லை. வெள்ளி வராது, அவன் தவறினவன் ஆகமாட்டான், இவளும் காத்திருக்கிறவளாகவே இருந்துவிடலாம், ரஹ்மத் அக்கா பூ தொடுத்துக்கொண்டே இருப்பாள். புத்தகத்தைத் திரும்ப மூட்டையில் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை செட்டியார் கடையில் நாலு செல் வாங்கிக்கொண்டு போய், நான்கு பின்னில் மாட்டி, மூன்றாவது தொப்பியைக் கழற்றி, அதைச் சரஸ்வதி படத்துக்குக் கீழே வைத்தாள்.

அன்றைக்கு மூன்று தடவை கரண்ட் போனது. மறுநாள் புதன்.

புதனும் இரண்டு தடவை கரண்ட் போனது. மறுநாள் வியாழன். மாசாணம் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வளைவுக்குள் வந்து சொந்தக் கடையைத் திறந்தார், தெருமுனை வரை வரிசை நின்றது. வருஷம் 1980 என்றே இருக்கிறதே என்று ஆணையர் இழுத்ததற்கு, கிழமை சரியாக இருந்தால் வருஷத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஊர் அவர் வாயை அடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மனுக்குப் பூ ஏறியது, பள்ளிவாசலில் ஊருக்குள்ளேயே ஜும்மா நடந்தது. ஆனால் எல்லார் காதும் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது. ஏழு மணி பஸ்ஸில் அவன் இல்லை. பத்தரை பஸ்ஸிலும் இல்லை. இரண்டு மணிக்கு வந்த பஸ்ஸில் ஒரு சலவைச் சட்டையைப் பார்த்து ரஹ்மத் அக்கா எழுந்து நின்றாள், அது தாலுகா ஆபீஸ் ஆள். ஆறு மணிக்குக் கடைசி பஸ் வருகிறபோது பாதி ஊர் அங்கே நின்றது, வடிவும் நின்றாள். பதினாறு பேர் இறங்கினார்கள், கண்டக்டர் இறங்கினார், டிரைவர் இறங்கினார், பஸ் காலியாயிற்று.

ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து மாசாணம்தான் வடிவிடம் வந்தார்.

"தாயி, நா ஒண்ணு சொல்லுதேன். இன்னும் சனி வரல. போயி அந்தச் செல்லக் கழட்டிரு. கரண்ட் போனா நாளைக்கு மறுபடியும் செவ்வாதான? வெள்ளி வரும்போது வரட்டும்."

"ஒங்க கட, அண்ணாச்சி?"

"வேப்பமரம் எங்கயும் போயிராது."

பூசாரி தலையை ஆட்டினார். ஜமாத்தில் ஒருவர், எங்களுக்கும் பாய் வெளியே விரித்துப் பழக்கம்தான் என்றார். ரஹ்மத் அக்கா, "ஆமாட்டி, கழட்டிரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதம் கழித்துக் கைக்கு வந்த கிழமைகளை எல்லாம், ஒருத்தி புருஷன் தாமதமாகிவிடக் கூடாதே என்பதற்காக, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வடிவுக்கு எங்கும் ஓடத் தோன்றவில்லை.

"வேண்டாம்க்கா" என்றாள். "புஸ்தகம் இங்கனதான் இருந்துச்சு."

"எந்தப் புஸ்தகம்?"

"அவிய தேடிப் போன புஸ்தகம். அவியளே பூசையில கட்டி வச்சது."

சொன்னது எல்லாருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மாசாணம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எட்டு மணிச் சங்குக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வடிவு நடந்தாள், இந்தத் தடவை ஓடாமல் நடந்தாள். வழியில் கரண்ட் போனது, அவள் நடையை மாற்றவில்லை.

மறுநாள் காலை அவள் காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்தாள், கிழித்த தாள் திரும்பி வரவில்லை. ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியது. செங்குளப்பேரிக்குச் சனிக்கிழமை வந்தது, ஆவுடையப்பன் முதன்முதலாக ஒரு நாள் தாமதமானான்.